ஆறு வாட்தானே! அவசரகால ஹாம் மெஷ் நிலையத்துக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி?

"பெரிய வயர்லெஸ் கருவிக்குத்தான் பெரிய பேட்டரி வேண்டும். மெஷ் கருவி வீட்டு ரவுட்டர் அளவுப் பெட்டி. அது இழுப்பது ஆறு வாட்தானே! ஏதாவது ஒரு சின்ன பேட்டரியை மாட்டிவிட்டால் போதும்."

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுச் சொந்தமாக வானொலி நிலையம் வைத்துப் பேசும் அன்பர்கள், கூடும் இடங்களில் இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பல ஆண்டுகளாக மைக்கைப் பிடித்துப் பேசிப் பழகியவர்கள். அந்தக் குரல்வழிப் பழக்கத்தில் போடும் கணக்கு, கருவிகள் ஒன்றின்வழி ஒன்றாகத் தகவலைக் கடத்தும் மெஷ் வலைக்குப் பொருந்துவதில்லை. புயலோ வெள்ளமோ வந்து, மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோன இரவில், நல்ல ஆன்டெனாவும் சரியான மென்பொருளும் இருந்தும் வலை அறுந்துபோவது பெரும்பாலும் மின்சாரக் கணக்கில் வந்த பிழையால்தான்.

மின்னியல் படிக்காதவர்களும் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

வாளி மாற்றும் வரிசை

ஓர் இடத்தில் தீப்பிடித்துவிட்டது. கிணறு தொலைவில் இருக்கிறது. ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றி விடுகிறார்கள். யாரும் ஓட வேண்டியதில்லை; பக்கத்தில் நிற்பவரின் கை எட்டினால் போதும். மெஷ் வலை இப்படித்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு நிலையமும் தன் செய்தியை அனுப்புவதோடு அடுத்தவரின் செய்தியையும் வாங்கி அப்பால் தள்ளிவிடுகிறது. இப்படி வாங்கிக் கடத்தும் ஒவ்வொரு கருவிக்கும் முனை என்று பெயர்.

ஹாம்கள் இதற்கென்று புதிதாகக் கருவி செய்வதில்லை. கூரைமேல் பொருத்துவதற்காகச் சந்தையில் விற்கும் உபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி-லிங்க் போன்ற வைஃபை கருவிகளை வாங்கி, அவற்றின் மென்பொருளை மாற்றிவிடுகிறார்கள். பலரும் பயன்படுத்துவது, சுருக்கமாக ஏ.ஆர்.இ.டி.என். என்று அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோ எமர்ஜென்சி டேட்டா நெட்வொர்க் குழுவின் மென்பொருள். அதை ஏற்றியதும் முனைகள் ஒன்றையொன்று தாமாகவே கண்டுபிடித்துப் பாதை போட்டுக்கொள்ளும். இணையம் இல்லாமலேயே அதன்மேல் தொலைபேசி பேசலாம், கேமரா படம் பார்க்கலாம், கோப்பு அனுப்பலாம். ஹாம்களுக்கு அனுமதிக்கப்பட்ட அலைவரிசையில் இயங்குவதால் உரிமம் உள்ளவர்தான் இயக்க வேண்டும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் என்பதால் ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே மறைப்பு இருக்கக் கூடாது. அதனால்தான் குன்றின் உச்சியையும் உயரமான கட்டடத்தின் மாடியையும் தேடிப் போகிறார்கள்.

வாளி வரிசையில் நடுவில் நிற்பவர் களைத்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? அவருக்கு இருபுறமும் ஆட்கள் தெம்பாக நிற்பார்கள். தண்ணீர் மட்டும் போய்ச் சேராது. மெஷ் வலை தானே மாற்றுப் பாதை தேடும் என்பது உண்மை. ஆனால் மாற்றுப் பாதை இருந்தால்தானே தேடும்? அவசரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திய நான்கைந்து முனைகளில், குன்றின்மேல் இருக்கும் ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் இணைக்கிறது என்பதே வழக்கமான நிலை. குரல்வழி நிலையத்தின் பேட்டரி தீர்ந்தால் ஒருவர் பேச்சு நிற்கும். குன்றின்மேல் இருக்கும் முனையின் பேட்டரி தீர்ந்தால் ஊரே பேச்சிழக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இனி வரும் எண்களைப் பார்க்க வேண்டும்.

வாட்டும் வாட்-மணியும்

குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்பது ஒரு கேள்வி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு கேள்வி. மின்சாரத்தில் கொட்டும் வேகத்தை வாட் என்ற அலகால் சொல்கிறோம். தொட்டியின் கொள்ளளவைச் சொல்வது வாட்-மணி. ஒரு வாட் இழுக்கும் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவு ஒரு வாட்-மணி. ஆறு வாட் முனை ஒரு நாள் முழுக்க ஓடினால் ஆறு பெருக்கல் இருபத்து நான்கு, அதாவது 144 வாட்-மணி.

சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. மறுநாள் காலை பார்த்தால் தொட்டி காலியாக இருக்கும். மெஷ் முனை அப்படிப்பட்ட குழாய்.

50 வாட் திறனில் ஒலிபரப்பும் ஒரு குரல்வழிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பேசும்போது அது பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 150 வாட் இழுக்கும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஏழு வாட் அளவில் அடங்கிவிடும். அவசரகால வலையில் ஒருவர் தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பதில்லை. மணிக்கு மூன்று நிமிடம் பேசுகிறார் என்று வையுங்கள். பேசிய மூன்று நிமிடத்துக்கு ஏழரை வாட்-மணி, கேட்ட ஐம்பத்தேழு நிமிடத்துக்கு ஆறரைக்குச் சற்று மேல். மொத்தம் மணிக்கு 14 வாட்-மணி.

இப்போது ஒரு மெஷ் நிலையத்தைப் பாருங்கள். முனை மட்டும் தனியாக நின்றால் ஆறு வாட்தான். ஆனால் பயனுள்ள நிலையம் என்றால் அதோடு ஒரு கேமரா, மெஷ் வலை வழியே பேசும் ஒரு தொலைபேசி, கோப்புகளை வைத்திருக்க ஒரு சின்னக் கணினி, இவற்றை எல்லாம் இணைக்க ஒரு சுவிட்ச் பெட்டி ஆகியவையும் இருக்கும். முனைக்கு ஆறு, கேமராவுக்கு ஐந்து, தொலைபேசிக்கு மூன்று, கணினிக்கு ஐந்து, சுவிட்சுக்கு மூன்று என்று எடுத்துக்கொண்டால் 22 வாட். யாரும் பேசாவிட்டாலும், எதையும் அனுப்பாவிட்டாலும், நள்ளிரவு இரண்டு மணிக்கும் கிட்டத்தட்ட அதே 22 வாட். ஒரு நாளுக்கு 528 வாட்-மணி. குரல்வழி நிலையத்துக்கு அதே ஒரு நாளுக்கு 336.

முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பவும் போட்டேன். தப்பில்லை. கை அளவுப் பெட்டிகளின் கூட்டம், 50 வாட் வயர்லெஸைவிட ஒன்றரை மடங்கு சாப்பிடுகிறது.

இதுவரை பார்த்தது: வாட் என்பது இழுக்கும் வேகம்; வாட்-மணி என்பது தேவைப்படும் மொத்த இருப்பு. குரல்வழிக் கருவி திடீரென்று நிறைய இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். மெஷ் நிலையம் கொஞ்சமாக இழுக்கும், ஆனால் ஓயாது.

பேட்டரியின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

பேட்டரியின் மேல் வாட்-மணி எழுதியிருப்பது குறைவு. ஆம்பியர்-மணி என்றுதான் இருக்கும். ஆம்பியர் என்பது கம்பியில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு; வோல்ட் என்பது அதைத் தள்ளும் அழுத்தம். அதை வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றிருந்தால் 84 வாட்-மணி. இது ஈய-அமில பேட்டரி என்றால் அந்த 84-ஐயும் நம்பிவிடக் கூடாது. பாதிக்கு மேல் அடிக்கடி உறிஞ்சினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே கையில் இருப்பது 42 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாட் முனைக்கு ஏழு மணி நேரம். மாலையில் மாட்டினால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

இன்று பலரும் மாறியிருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு. நான்கு செல்கள் சேர்ந்து 12.8 வோல்ட் தரும். எடை ஈய-அமிலத்தில் பாதிக்கும் கீழே; கொள்ளளவில் எண்பது, தொண்ணூறு சதவீதம்வரை கவலையில்லாமல் எடுக்கலாம்; ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம். தோளில் சுமந்து குன்று ஏற வேண்டியவர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை என்பது என் கருத்து.

ஆனால் அதில் பழக வேண்டிய ஒரு குணம் உண்டு. ஈய-அமில பேட்டரி தீரத் தீர அதன் வோல்ட் படிப்படியாக இறங்கும். மீட்டரைப் பார்த்தே மிச்சம் எவ்வளவு என்று ஓரளவு சொல்லிவிடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் அப்படியல்ல. கடைசிவரை ஏறத்தாழ ஒரே வோல்ட்டில் நிற்கும். பிறகு சட்டென்று சரியும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று, செல்கள் கெடாமல் இருக்க இணைப்பை ஒரேயடியாகத் துண்டித்துவிடும். அதனால் வோல்ட்டை மட்டும் காட்டும் மீட்டர் இங்கே உதவாது. எவ்வளவு வாட்-மணி வெளியே போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வரும் சின்ன மீட்டர் ஒன்றை இடையில் மாட்டுங்கள். இன்னொன்று: உறைநிலைக்குக் கீழே, அதாவது பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இந்த பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. பயன்படுத்தலாம், சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும்.

கைப்பேசிக்கான பவர் பேங்கைக் கொண்டு சிறிய முனைகளை ஓட்டுபவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து 12-ஆலோ 5-ஆலோ பெருக்கிவிடாதீர்கள். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கானது. 20 ஆம்பியர்-மணி பெருக்கல் 3.7, ஆக 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக மாற்றும்போதும் கொஞ்சம் போகும்.

கேபிள் வழியே போகும் மின்சாரம்

மெஷ் முனை ஆன்டெனாவோடு சேர்ந்து கம்பத்தின் உச்சியில் இருக்கும். பேட்டரி தரையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். தகவல் போகும் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்புவதற்கு பவர் ஓவர் ஈதர்நெட், சுருக்கமாக பி.ஓ.இ. என்று பெயர். அதிகம் குழப்பம் நடக்கும் இடம் இது, கருவிகள் அதிகம் கருகும் இடமும் இது.

பி.ஓ.இ. இரண்டு வகை. முதல் வகை, 2003-இல் வெளிவந்த 802.3ஏஎஃப் என்ற தரத்திலும் அதன் பின்வந்த தரங்களிலும் இயங்குவது. இது கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் விருந்தாளி மாதிரி. மின்சாரம் தரும் பெட்டி முதலில் மிகச் சிறிய வோல்ட்டை அனுப்பி, மறுமுனையில் ஓர் அடையாள மின்தடை (மின்சாரத்தை எதிர்க்கும் சிறு உறுப்பு, 25 கிலோ ஓம் அளவு) இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் 48 வோல்ட் அளவிலான மின்சாரத்தைத் திறந்துவிடும். இரண்டாவது வகைக்கு பாசிவ் பி.ஓ.இ. என்று பெயர். அது தட்டாது, கேட்காது. கேபிளைச் செருகிய நொடியே மின்சாரம் பாயும். ஹாம்கள் பயன்படுத்தும் கூரைமேல் கருவிகள் பல, 24 வோல்ட் பாசிவ் வகை. அதற்குக் கவனக்குறைவாக 48 வோல்ட் பாசிவ் இணைப்பைக் கொடுத்தால் கருவி போய்விடும். செருகி ஒரே மாதிரி இருக்கும். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. என் கருவிகள் ஒவ்வொன்றிலும் எத்தனை வோல்ட் என்பதை அழியாத மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இருட்டில், மழையில், அவசரத்தில் நினைவை நம்ப முடியாது.

அடுத்த கேள்வி நியாயமானது. "கருவி 12 வோல்ட்டிலும் ஓடும் என்று எழுதியிருக்கிறதே. பேட்டரியும் 12 வோல்ட். நேராகக் கேபிளில் கொடுத்துவிட்டால் என்ன?"

கொடுக்கலாம், கேபிள் குட்டையாக இருந்தால். நீளமான, மெல்லிய குழாயில் தண்ணீர் விட்டால் மறுமுனையில் வேகம் குறைந்து வருமே, அதுபோல மெல்லிய கம்பியில் போகும் மின்சாரமும் வழியில் வோல்ட்டை இழக்கும். கம்பி காட்டும் இந்த எதிர்ப்புக்குத்தான் மின்தடை என்று பெயர். ஓம் என்பது அதன் அலகு. 30 மீட்டர் நெட்வொர்க் கேபிளில் பி.ஓ.இ.க்கு ஒதுக்கிய கம்பிகள் போய் வரும் வழி முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 2.5 ஓம். கம்பத்தின் உச்சியில் இருக்கும் முனை மும்முரமாக ஒலிபரப்பும்போது 8 வாட் கேட்கிறது என்று வைப்போம்.

கீழே 12 வோல்ட் கொடுத்தால், கேபிளில் 0.8 ஆம்பியர் ஓடும். 0.8 பெருக்கல் 2.5, ஆக 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். மேலே சேர்வது 10 வோல்ட்தான். கேபிளைச் சூடாக்குவதில் 1.6 வாட் வீணாகும். அதே கேபிளில் 24 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். 0.35 ஆம்பியர் போதும். வழியில் போவது 0.9 வோல்ட், வீணாவது 0.3 வாட். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் இழப்பு ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. நாடு முழுக்க மின்சாரம் கொண்டுபோகும் கோபுரங்களில் லட்சக்கணக்கான வோல்ட் ஓடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. சாதாரண விளக்குக்கு வோல்ட் குறைந்தால் அது மங்கும், மின்சாரமும் குறைவாக இழுக்கும். முனை அப்படி இல்லை. தனக்கு 8 வாட் வேண்டும் என்றால் வேண்டும். வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட ஆம்பியரை அதிகமாக இழுக்கும். அதிகம் இழுத்தால் கேபிளில் இன்னும் வோல்ட் விழும். பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கும்போது மேலே சேர்வது 9.4. ஒரு கட்டத்தில் கருவி தாங்காமல் தானே அணைந்து மறுபடி உயிர்பெறும். சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும். யாராவது கேமரா படத்தைத் திறந்தவுடன் ரீஸ்டார்ட் ஆகும். பார்ப்பவர்கள் மென்பொருளில் கோளாறு என்று திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முனை இப்படி நடந்துகொண்டால் முதலில் கம்பத்தின் உச்சியில் வோல்ட்டை அளந்து பாருங்கள். கேபிள் முழுச் செம்புதானா என்றும் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதன் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இதுவரை பார்த்தது: பி.ஓ.இ. என்பது ஒரே பொருளல்ல. எந்த வகை, எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகே செருக வேண்டும். கேபிள் நீளமானால் 12 வோல்ட்டை நேராகக் கொடுக்காமல் 24-ஆக உயர்த்திக் கொடுங்கள்.

இன்வெர்ட்டர் என்ற சுற்றுவழி

24 வோல்ட்டாக எப்படி உயர்த்துவது? கருவியோடு வந்த அடாப்டர் சுவர் பிளக்கில் மாட்டுவது. கையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டி, இன்வெர்ட்டரில் அடாப்டரை மாட்டி, அடாப்டரிலிருந்து முனைக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். நாங்களும் இதைத்தான் செய்தோம்.

ஒரு கதையை வேற்றுமொழிக்கு மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதினால் எப்படி இருக்கும்? இரண்டு முறையும் ஏதோ உதிர்ந்திருக்கும். பேட்டரியில் இருப்பது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். முனைக்கு வேண்டியதும் நேர்மின்சாரம்தான். நடுவில் அதைத் திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரமாக இன்வெர்ட்டர் மாற்றுகிறது. அடாப்டர் அதை மறுபடி நேர்மின்சாரமாக மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பத்து, இருபது சதவீதம் சூடாகப் போகும். அதைவிட மோசமானது, எதுவுமே மாட்டாமல் சும்மா இருந்தாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று ஐந்து முதல் பத்து வாட்வரை சாப்பிடுவது. ஆயிரம் வாட் சுமைக்கு அது ஒரு பொருட்டில்லை. எட்டு வாட் முனைக்கு அது இன்னொரு முனை.

ஓர் இரவுப் பயிற்சியில் குன்றின்மேல் இருந்த முனைக்கு 12 வோல்ட், 26 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி கொண்டுபோயிருந்தோம். 312 வாட்-மணி, பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று தெரிந்தே 156 என்று கணக்கு வைத்தோம். எட்டு வாட்டுக்குப் பத்தொன்பது மணி நேரம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மதியம்வரை வரும். இன்வெர்ட்டர் வழியாக உண்மையில் போய்க்கொண்டிருந்தது பத்தொன்பது வாட்டுக்கு அருகில். நாங்கள் கணக்கிட்ட பாதி நள்ளிரவு ஒரு மணிக்கெல்லாம் தீர்ந்திருந்தது. அதற்குப் பிறகும் ஓடிய பேட்டரி, விடிவதற்குமுன் கைவிட்டது. கீழே இருந்த மூன்று நிலையங்களும் நிறைந்த பேட்டரியோடு ஒன்றையொன்று காண முடியாமல் நின்றன. அது பயிற்சிதான். ஆனால் அதே இரவு உண்மையான வெள்ளமாக இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த இரவுதான்.

தீர்வு எளியது, விலையும் குறைவு. 12 வோல்ட் நேர்மின்சாரத்தை நேரடியாக 24 வோல்ட் நேர்மின்சாரமாக உயர்த்தித் தரும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர் என்பார்கள். நல்ல பெட்டி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அப்படியே கடத்தும். 5 வோல்ட் கேட்கும் சின்னக் கணினிக்கும் தொலைபேசிக்கும் இதேபோல் இறக்கித் தரும் பெட்டி உண்டு. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தும் 24 வோல்ட் பெறலாம். அப்படிச் செய்யும்போது 12 வோல்ட் கருவிக்காக அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுக்காதீர்கள். ஒன்று முன்னால் தீர்ந்து மற்றதையும் கெடுக்கும்.

மலிவான கன்வெர்ட்டர்கள் வானொலி இரைச்சலைக் கிளப்பும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மெஷ் முனைக்கு அது உறைக்காது. பக்கத்து மேசையில் குறைந்த அலைவரிசையில் தொலைதூரக் குரலைக் கேட்க முயல்பவருக்குக் காதைப் பிளக்கும். கம்பியை ஃபெரைட் என்ற காந்தப்பொருளாலான ஒரு வளையத்தில் சில சுற்றுச் சுற்றினால் பெருமளவு அடங்கும்.

சூரியனிடமிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

100 வாட் சோலார் பேனல் நாள் முழுக்க 100 வாட் தரும் என்று நினைப்பது இன்னொரு பரவலான பிழை. அந்த எண், ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில் நேராக விழும்போது, பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் அளந்தது. வெயிலில் கிடக்கும் பேனல் அதைவிட மிகச் சூடாக இருக்கும். சூடு ஏற ஏறத் தருவது குறையும்.

நாள் முழுக்க ஏறி இறங்கும் வெயிலை, முழு வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று சுருக்கிச் சொல்வார்கள். அதற்கு உச்ச வெயில் மணி என்று பெயர். தெளிந்த வானம் உள்ள இடத்தில் நான்கைந்து கிடைக்கலாம். நான்கு என்று வைத்து, சூடு, தூசி, சாய்வு, மின்மாற்றம் எல்லாவற்றுக்கும் முப்பது சதவீதம் கழித்தால் 100 வாட் பேனல் தருவது 280 வாட்-மணி. தனி முனை ஒன்றுக்கு அது தாராளம். 22 வாட் நிலையத்துக்குப் பாதிதான் தேறும்.

ஆனால் அவசரம் பெரும்பாலும் மேகத்தோடுதான் வருகிறது. அடைமழை நாளில் இந்த 280, ஐம்பதுக்கும் கீழே போகக்கூடும். எனவே பேனலை நம்பி பேட்டரியைச் சிறிதாக்காதீர்கள். வெயிலே இல்லாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று முடிவு செய்து அதற்கு பேட்டரி. அதை மறுபடி நிரப்புவதற்குப் பேனல். நிழலையும் கவனியுங்கள். கம்பத்தின் நிழலோ இழுவைக் கயிற்றின் நிழலோ பேனலின் ஓரத்தில் விழுந்தால்கூட அந்த அளவுக்கு மட்டும் குறையும் என்றில்லை. செல்கள் தொடராக இணைந்திருப்பதால், நிழலில் மாட்டிய ஒன்று மற்றவற்றின் வழியையும் அடைக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். அது பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பாமல் காக்கும். எம்.பி.பி.டி. வகை, பேனல் தரக்கூடியதில் அதிகபட்சத்தைக் கறந்து தரும், விலை கூடுதல். எந்த வகையானாலும், உங்கள் பேட்டரி ஈய-அமிலமா லித்தியம் இரும்பு பாஸ்பேட்டா என்று அதில் சரியாக அமைத்திருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். பகலில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி பேட்டரிகளை நிரப்ப அது அருமையான துணை. பத்து வாட்டுக்காக இரவு முழுக்க எரிபொருளை எரிப்பது வீண். அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் அதை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஜன்னலோரமோ ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. பேரிடருக்குத் தப்பியவர்கள் அதற்குப் பிறகு ஜெனரேட்டர் புகையில் உயிரிழப்பது மீண்டும் மீண்டும் நடக்கிறது.

ஃபியூஸ் எங்கே?

சின்ன பேட்டரி ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் ஆபத்தானது. இரண்டு முனையங்களும் தவறித் தொட்டுக்கொண்டால் சிறிய ஈய-அமில பேட்டரிகூட நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும். மெல்லிய கம்பி நொடியில் பழுத்துத் தீப்பிடிக்கும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் கம்பியில், எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது கம்பியை. எனவே கம்பி தாங்கும் ஆம்பியருக்குள் அதன் அளவு இருக்க வேண்டும். இணைப்புகளுக்கு ஹாம்கள் பெரும்பாலும் ஆண்டர்சன் பவர்போல் செருகிகளைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பும் கறுப்புமாக இருக்கும், ஆண், பெண் பேதம் இல்லாததால் யாருடைய கம்பியும் யாருடைய பேட்டரிக்கும் பொருந்தும். பல குழுக்கள் ஒன்று சேரும் நேரத்தில் இது பெரிய வசதி.

ஒரு முழுக் கணக்கு

குன்றின்மேல் ஒரு முனை. வெயிலே இல்லாமல் 48 மணி நேரம் ஓட வேண்டும். சராசரி இழுப்பு 7 வாட் என்று மீட்டரில் அளந்தாயிற்று.

7 பெருக்கல் 48, ஆக 336 வாட்-மணி. கன்வெர்ட்டர் தொண்ணூறு சதவீதம் கடத்தும் என்பதால் 0.9-ஆல் வகுக்க, 373. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் எண்பது சதவீதம் எடுப்போம், 0.8-ஆல் வகுக்க, 467. 12.8 வோல்ட்டால் வகுத்தால் 36.5 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும். ஒருவர் தூக்கிக்கொண்டு ஏறக்கூடிய எடை. இதையே ஈய-அமிலத்தில் கேட்டால் 0.8-க்குப் பதில் 0.5; 12 வோல்ட்டில் 62 ஆம்பியர்-மணி. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கும்.

பேட்டரியைப் பெரிதாக்கும் முன் இழுப்பைக் குறைக்க முடியுமா என்றும் பாருங்கள். குன்றின்மேல் கேமரா வேண்டுமா? கணினி அங்கே இருக்க வேண்டுமா, கீழே இருந்தால் ஆகாதா? ஒலிபரப்புத் திறனைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்று சிலர் நினைப்பார்கள். கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான். முனையின் செலவில் பெரும்பங்கு உள்ளே எப்போதும் ஓடும் மின்னணுச் சுற்றுக்கே போகிறது. இணைப்பு பலவீனமானால் தகவல் மெதுவாகப் போகும், தொலைந்ததைத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். திறனில் கைவைக்காமல், வேண்டாத பெட்டியைக் கழற்றுவதே மேல்.

கணக்கு முடிந்ததும் ஒரு விடுமுறை நாளில் நிலையத்தை முழுதாக வீட்டில் நிறுத்துங்கள். பேட்டரியை நிரப்பி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு ஓடவிடுங்கள். லித்தியம் என்றால் தானாகத் துண்டிக்கும்வரை விடலாம். ஈய-அமிலம் என்றால் பாதி வாட்-மணி போனதை மீட்டர் காட்டியதும் நிறுத்திவிடுங்கள். கிடைத்த மணி நேரத்தையும் சோதித்த தேதியையும் ஒரு நாடாவில் எழுதி அந்த பேட்டரியின் மேலேயே ஒட்டுங்கள். குழுவில் எல்லோரும் இதைச் செய்திருந்தால், எந்த முனை எத்தனை மணிக்கு அணையும் என்பதை ஒரே தாளில் எழுதிவிடலாம். அந்தத் தாளில் குன்றின்மேல் இருக்கும் முனையை முதல் வரியில் போடுங்கள். அது அணையப்போகும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக மாற்று பேட்டரியோடு யார் மேலே ஏறுகிறார் என்பதை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள்.